இடது கை மவுஸ்

கோதண்டராமன் கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பிவிட்டு வந்து, இரண்டு அட்டைப் பெட்டிகளை மேசைமேல் வைத்தார். ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் மளிகைக் கடைகளுக்கும் தோசைக் கடைகளுக்கும் நடுவே கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை அவருடையது. சொந்தக் கடைக்குள் ஒரு துப்பறியும் பெண்ணைக் கூப்பிட்டு வைத்துப் பேச வேண்டி வரும் என்று அவர் நினைத்ததில்லை.

அந்தப் பெண் வசந்தமலர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஆக்லாந்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பல வருடம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறியும் தொழில் செய்கிறவர். நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார். அவருக்காகவும் சேர்த்து உட்கார்ந்திருந்தவன் உதவியாளன் மனோஜ். கோயம்புத்தூர்க்காரன், முப்பத்தைந்து வயது, ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவன். மற்றவர்களின் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தே தன் பாஸ்வேர்டு மறந்துபோனதால் வேலையை விட்டதாகச் சொல்லிக்கொள்வான்.

விஷயம் இதுதான். யசீகரன் என்று ஒரு வாடிக்கையாளர். கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு விளையாடி அதை நேரலையாகக் காட்டுகிறவர். ஆயிரக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். விளையாட்டையும் ஒளிபரப்பையும் ஒன்றாகத் தாங்கக்கூடிய புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தானே பாகம் பாகமாகச் சேர்க்கப்போவதாகச் சொல்லி வாங்கினார். முதல் தடவை பெரிய அளவு மதர்போர்டும், அது நுழையவே நுழையாத சின்னப் பெட்டியும் வாங்கினார். இரண்டாம் தடவை, வாங்கிய கிராபிக்ஸ் கார்டுக்குப் போதவே போதாத பவர் சப்ளை. இரண்டு தடவையும் திரும்பக் கொண்டுவந்து கடையே அதிரும்படி கத்தினார். இப்போது மூன்றாம் தடவையும் வாங்கிப் போயிருக்கிறார். இதுவும் பொருந்தாவிட்டால் கடையின் பேரை நேரலையில் நாறடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

"இத்தனை வருஷமா விளையாடுற ஆளுக்கு இது தெரியாதா மேடம்?" என்றார் கோதண்டராமன். "நல்லதை எடுத்துக்கிட்டு, பழசைப் பெட்டியில போட்டுத் திருப்பித் தர்றாரோன்னுதான் சந்தேகம்."

வசந்தமலர் மதர்போர்டுப் பெட்டியைக் கையில் எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் ஒட்டிய சீல் கிழியாமல் அப்படியே இருந்தது.

"இது திரும்பி வந்த பெட்டிதானே?"

"ஆமா."

"திறக்காமலே பொருந்தேல்லை எண்டு எப்படித் தெரிஞ்சது?"

கோதண்டராமன் பெட்டியைப் பார்த்தார். பிறகு மற்றப் பெட்டியைப் பார்த்தார். அதன் சீலும் கிழிந்திருக்கவில்லை.

வாங்கும்போது யசீகரன் எப்படி நடந்துகொண்டார் என்று வசந்தமலர் விசாரித்தார். பாகங்களின் பெயர்களை மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி ஒப்பித்தாராம். ஏன் இந்த அளவு என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லையாம். வேறு என்ன வாங்கினார் என்றதற்குக் கோதண்டராமன் விரல் மடக்கினார். தட்டினால் சத்தமே வராத கீபோர்டு ஒன்று. காமெரா இரண்டு. மவுஸ் ஒன்று, அதுவும் இடது கைக்காரர்களுக்கென்றே செய்தது.

மனோஜ் இதற்குள் தன் போனில் யசீகரனின் பழைய நேரலை ஒன்றைப் போட்டிருந்தான். நிறம் மாறும் விளக்குகளுக்கு நடுவே, தாடியைக் கூராக வெட்டிய ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவனுடைய மவுஸ் வலது கையில் இருந்தது.

"இந்தக் கத்தலுக்கு எதுக்கு மேடம் சத்தம் வராத கீபோர்டு? பக்கத்துல இடி விழுந்தாலே கேக்காது."

வசந்தமலர் அந்தத் துண்டை மறுபடி ஓடவிட்டார். திரையில் எதிரி விழுந்தான். அதற்குப் பிறகுதான் யசீகரனின் விரல் அசைந்தது.

"விளையாடுறது இவன் இல்லை," என்றார் அவர். "பக்கத்து அறையில இன்னொரு ஆள் இருக்கு. அந்த ஆளின்ர சத்தம் வெளியில வரக்கூடாது. மூண்டாந்தரம் வாங்கினதை நீங்கள் வீட்டுக்கு வந்து பூட்டித் தாறதாச் சொன்னீங்களோ?"

கோதண்டராமன் திகைத்தார். "பூட்டியா?"

"பாகங்களைச் சேர்த்து மாட்டுறது. நாங்கள் அதைப் பூட்டுறது எண்டுதான் சொல்லுவம்."

"எங்க ஊர்ல அதுக்கு வேற அர்த்தம்," என்றான் மனோஜ்.

சனிக்கிழமை மத்தியானம் ஆள் அனுப்புவதாகத்தான் கோதண்டராமன் ஒப்புக்கொண்டிருந்தார். கடையின் பெயர் போட்ட இரண்டு டீ-ஷர்ட்டுகளை எடுத்துக் கொடுத்தார். மனோஜுக்கு அது தொளதொளவென்று இருந்தது.

பிளாட் புஷ் என்ற புறநகரில், யசீகரன் வீடு இருந்த தெரு முழுக்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். மனோஜ் இரண்டு தடவை தவறான வீட்டின் முன்னால் காரை நிறுத்திவிட்டு, மூன்றாவதில் சரியான கதவைத் தட்டினான். யசீகரன் சிரித்த முகத்தோடு திறந்தான். வெளியாட்களிடம் அவன் குரல் தேன். உள்ளே வந்ததும், விளம்பரம் தருகிற கம்பெனிகளின் ரகசியங்கள் வீட்டில் இருக்கின்றன, படம் எடுத்துவிடக் கூடாது என்று சொல்லி இருவரின் போனையும் வாங்கி, முன்னறை மேசை இழுப்பறையில் போட்டான். மறுத்தால் வேலை கெட்டுவிடும். வசந்தமலர் கொடுத்துவிட்டார். அவருக்கு அப்போதே மனம் ஒப்பவில்லை.

சமையலறையிலிருந்து ஒரு பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். மெலிந்த உருவம். யசீகரன் அவளை மனைவி கிருசாந்தி என்று அறிமுகம் செய்து, அவளுக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது, ஊரிலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் என்றான். ஊரில் எந்த இடம் என்று வசந்தமலர் கேட்டார். பதிலை அவன்தான் சொன்னான், சுன்னாகம் என்று. கிருசாந்தி கோப்பையை இடது கையால் நீட்டினாள். அந்த மணிக்கட்டின் அடியில், மேசை விளிம்பில் உரசி உரசிக் காய்த்துப்போன கறுத்த தழும்பு தெரிந்தது.

வசந்தமலர் தேநீரை வாங்கி ஒரு மிடறு குடித்தார். தேடி வந்த ஆள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

வேலை செய்ய வேண்டிய இடம் வீட்டோடு ஒட்டிய கராஜ். கார் நிற்கும் இடமாக அது இல்லை. உருட்டுக் கதவை உள்பக்கமாகப் பலகை அடித்து மூடி, சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் கறுப்பு நுரைப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. இன்டர்நெட் பெட்டியும், வீட்டுக்கே மின்சாரம் பிரிக்கிற ஸ்விட்ச் போர்டும் அங்கேதான் சுவரில் இருந்தன. நடுவில் ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், குட்டையான ஆளுக்காகத் தாழ்த்திவைத்த நாற்காலி. இதுவரை நேரலையை வெளியே அனுப்பும் ஒளிபரப்புப் பெட்டி முன்னறையில் தன் மேசையில் இருந்தது என்றும், புதுக் கிராபிக்ஸ் கார்டின் விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்பதால் எல்லாவற்றையும் இங்கே வைத்துச் சுவர் வழியாகக் கேபிள் இழுக்க வேண்டும் என்றும் யசீகரன் சொன்னான்.

மனோஜ் வேலையை ஆரம்பித்தான். மூன்றாம் தடவை வாங்கியவை எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. கிராபிக்ஸ் கார்டை மட்டும் இரண்டு கையாலும் ஏந்தி, குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டார்களா என்று கேட்டான். முன்னறைத் திரைக்குக் கேபிளை இழுத்து, யசீகரனின் காமெராவையும் இணைத்து, சோதித்துப் பார்த்தபோது எல்லாம் வேலை செய்தது. வெற்றுக் கோப்பைகளை எடுக்க வந்த கிருசாந்தி வாசலில் நின்றாள். அதுவரை வாய் திறக்காதவள் மெல்லக் கேட்டாள்.

"இந்த முறை எல்லாம் பொருந்துதோ?"

"ஓம் பிள்ளை, எல்லாம் பொருந்துது," என்றார் வசந்தமலர்.

அவள் முகத்தில் வந்தது நிம்மதியா பயமா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

காரியத்தைக் கெடுத்தது கோதண்டராமனின் நல்ல மனசு. பொறுமை தாங்காமல் அவர் மனோஜின் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினார். ஏதாவது கண்டுபிடித்தீர்களா, உள்ளே ஒளிந்திருக்கிற ஆள் யார், துப்பறிகிற மேடத்தைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று. இழுப்பறைக்குள் போன் அதிர்ந்தது. பூட்டிய திரையிலேயே செய்தி முழுவதும் தெரிந்தது.

யசீகரன் கராஜ் வாசலுக்கு வந்தபோது ஒரு கையில் போன் இருந்தது. மறு கையில் கிருசாந்தியின் புஜம் இருந்தது. அவன் கத்தவில்லை. கத்துவது காமெராவுக்கு மட்டும்தான் போலிருந்தது. இன்றைக்குப் பெரிய போட்டி, விளம்பரக்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள், இன்னும் சற்று நேரத்தில் தொடங்கியாக வேண்டும் என்றான். கிருசாந்தியை நாற்காலியில் தள்ளி உட்கார வைத்தான்.

"நீ விளையாடு. இவையோட ஒரு சொல்லும் கதைக்காத. கதைச்சா, நாளைக்கு இமிக்ரேஷனுக்கு நானே போன் பண்ணுவன்."

பிறகு வசந்தமலரைப் பார்த்து, போட்டி முடிந்த பிறகு நிதானமாகப் பேசலாம் என்றான். மனோஜ் எழுந்து வாசலை எட்டுவதற்குள் கதவு மூடியது. வெளியே சாவி இரண்டு சுற்றுச் சுற்றும் ஓசை கேட்டது.

மனோஜ் கதவைத் தோளால் இடித்தான். கனத்த கதவு, அசையவில்லை. உருட்டுக் கதவின் பலகையை உதைத்தான், கூப்பிட்டான், மறுபடி கூப்பிட்டான். வாயிலிருந்து வந்த சத்தம் நுரைச் சுவரில் பட்டு அங்கேயே செத்தது. தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டதும் நிறுத்திக்கொண்டான்.

"பூட்டித் தர்றதுன்னு மேடம் சொன்னப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்," என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

ஸ்க்ரூட்ரைவரால் கதவின் கீலைக் கழற்றலாமா என்று பார்த்தான். கீல் மறுபக்கம் இருந்தது. புதுக் கம்ப்யூட்டரின் விசிறிகள் சீறத் தொடங்கின. அறையில் சூடு ஏறியது. மூன்று பேர் மூச்சுவிடுகிற காற்று போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. இன்டர்நெட் இருக்கிறதே, அதில் யாருக்காவது செய்தி அனுப்பலாமே என்று மனோஜ் கேட்டதற்குக் கிருசாந்தி முடியாது என்று தலையை ஆட்டினாள். விளையாட்டையும் ஒளிபரப்பையும் தவிர எதையும் அந்த இணைப்பில் திறக்க முடியாதபடி யசீகரன் அடைத்து வைத்திருந்தான்.

திரையில் நேரலை தொடங்கியது. மூலையில் யசீகரனின் சிரித்த முகம். கிருசாந்தியின் இடது கை மவுஸில் ஓடியது. எதிரிகள் விழ விழ, முன்னறையிலிருந்தவன் தன் கையால் சுட்ட மாதிரியே கூவினான். அவன் கூவல் அவளுடைய ஹெட்போனிலிருந்து கொசு ரீங்காரம் போலக் கசிந்தது.

வசந்தமலர் அவள் நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வேலைக்கு வந்த இடத்தில் அவர் உட்கார்ந்து மனோஜ் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கிருசாந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், உதட்டை அதிகம் அசைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவள் யாழ்ப்பாணத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். இதே விளையாட்டில்தான் யசீகரனைச் சந்தித்தாள். தொடர்ந்து தோற்கடித்தாள். அவன் புகழ்ந்தான், காதலித்தான், வந்து கட்டிக்கொண்டு போனான். இங்கே வந்த பிறகு முதல் மாதம் விளையாட்டாகத்தான் அவன் இடத்தில் விளையாடிக் கொடுத்தாள். பார்க்கிறவர்கள் பெருகினார்கள். அவளுடைய பாஸ்போர்ட் அவன் அலமாரிக்குள் போனது. பிறகு போன் போனது. வீட்டோடு கதைப்பதும் அவன் பக்கத்தில் இருந்தால் மட்டும்தான். விசாவைத் தான் ரத்துச் செய்துவிட்டதாகவும், வாசலைத் தாண்டினால் போலீஸ் பிடித்துப் போகும் என்றும் சொல்லிவைத்திருந்தான். கடைக்குப் போகும்போதெல்லாம் அவளை இந்தக் கராஜில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவான்.

"அந்தப் போர்டும் பெட்டியும்," என்றார் வசந்தமலர். "அது பிழை இல்லை, என்ன?"

கிருசாந்தியின் கை ஒரு கணம் நின்றது. திரையில் அவள் வீரன் சுவருக்குப் பின்னால் ஒளிந்தான்.

"பாகம் தெரிவு செய்யிறது நான்தான். பொருந்தாததை வாங்க வச்சு, பெட்டி திறக்க முதலே பொருந்தாது எண்டு சொன்னா, கடையில இருந்து ஆரும் வீட்டுக்கு வந்து பார்ப்பினம் எண்டு நினைச்சன். அவர் தானே கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்திட்டார். ரெண்டாந்தரமும் அப்பிடித்தான்."

"மூண்டாந்தரம் எல்லாம் பொருந்துது."

"ஓம். மூண்டாந்தரம் சத்தம் போடுற கார்டாச் சொன்னன்."

மனோஜ் சீறிக்கொண்டிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விசிறிச் சத்தம் பெரிதாக இருந்தால் ஒளிபரப்புப் பெட்டியை முன்னறையில் வைக்க முடியாது. யசீகரனே அதைத் தூக்கி இந்த அறைக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். இதுவரை உலகத்துக்கு என்ன தெரிய வேண்டும் என்பது முன்னறையில் யசீகரனின் கையில் இருந்தது. இன்றைக்கு அது கிருசாந்தியின் கையில் இருந்தது. அதை அவளிடம் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்தது யசீகரனேதான்.

கிருசாந்தி மேசைக்கடியில் தாடையால் காட்டினாள். திறக்காத சின்னப் பெட்டி ஒன்று கிடந்தது. மைக்கும் சேர்ந்த இரண்டாவது காமெரா. ஒன்று பழுதானால் இன்னொன்று வேண்டும் என்று சொல்லி வாங்க வைத்திருந்தாள்.

அவர்கள் அவளைக் காப்பாற்ற வந்ததாக வசந்தமலர் நினைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அவள் முன்பே யோசித்து முடித்திருந்தாள்.

"பிறகு எங்களை ஏன் பிள்ளை வரப்பண்ணினனீர்? நீரே செய்திருக்கலாமே."

"பயம்," என்றாள் கிருசாந்தி. "தனிய எண்டா நான் அழுத்தியிருக்க மாட்டன். பக்கத்தில ஆரும் ஒராள் இருக்க வேணும்."

மனோஜ் காமெராவை எடுத்துத் திரையின் மேல் மாட்டிக் கேபிளைச் செருகினான். ஒளிபரப்பின் மூலையில் ஒரு புதுச் சதுரம் திறந்தது. வெளியே போகாத, அவர்களுக்கு மட்டும் தெரிகிற படம். அதில் கறுப்புச் சுவர், வியர்த்த மூன்று முகங்கள். ஒரு விசையைத் தட்டினால் யசீகரன் மறைந்து அந்தப் படம் வெளியே போகும். கிருசாந்தியின் விரல் விசைமேல் வந்து நின்றது. அழுத்தவில்லை. விளையாட்டும் நின்றுபோயிருந்தது. முன்னறையில் யசீகரன் கூவலுக்கு நடுவே பல்லைக் கடிக்கத் தொடங்கியிருந்தான்.

"பொலிஸ் வந்தா என்னைத்தான் கொண்டுபோகும்."

"உம்மட விசாவை அவன் ரத்துச் செய்ய ஏலாது. அவன் ஒண்டும் அரசாங்கம் இல்லை," என்றார் வசந்தமலர். "புருசன் கொடுமைப்படுத்தி வெளியில வாற பொம்பிளையளுக்கு இந்த நாட்டில வேற வழி வச்சிருக்கினம். சுகமான வழி எண்டு சொல்ல மாட்டன். ஆனால் நான் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறன். உம்மையும் கூட்டிக்கொண்டு போவன்."

கிருசாந்தி ஹெட்போனைக் கழற்றினாள். விசையை அழுத்தினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. முன்னறைத் திரையில் விளையாட்டு மட்டுமே தெரிந்ததால் யசீகரனுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தெரிந்தது. நுரைச் சுவருக்கு முன்னால் ஒரு மெலிந்த பெண், இடது கையில் மவுஸ், பின்னால் கையில் ஸ்க்ரூட்ரைவரோடு ஒருவன். பக்கவாட்டில் பார்வையாளர்களின் கேள்விகள் கொட்டத் தொடங்கின. யார் இது, யசீ எங்கே, இது நிஜமா. கிருசாந்தி காமெராவை நேராகப் பார்த்தாள்.

"என்ர பேர் கிருசாந்தி. இவ்வளவு காலமும் விளையாடினது நான். என்னை இதுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கினம். எனக்கு வெளியில போக வேணும்."

அதையே தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலும் சொன்னாள்.

வீட்டுக்குள் ஒரு நாற்காலி சரிந்தது. ஓடி வரும் காலடி கேட்டது. ஒளிபரப்பை நிறுத்த வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் இந்த அறையில், இன்டர்நெட் இந்த அறையில், மின்சார ஸ்விட்சும் இந்த அறையில். எதைத் தொட வேண்டுமென்றாலும் அவன் பூட்டிய கதவை அவனே திறக்க வேண்டும். வசந்தமலர் எழுந்து கிருசாந்திக்கும் வாசலுக்கும் நடுவே நின்றார். மனோஜ் கதவின் பக்கவாட்டுக்குப் போனான்.

சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. யசீகரன் கையை ஓங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். எதிரே காமெரா இருந்தது. அதன் சிவப்பு விளக்கைக் கண்டதும் ஓங்கிய கை அந்தரத்தில் நிற்க, பழக்க தோஷத்தில் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பும் அந்தக் கையுமாக அவன் நின்ற நிலையை எல்லாரும் பார்த்தார்கள். அவன் அதை உணர்ந்து கையைக் கீழே போடுவதற்குள் மனோஜ் கதவிலிருந்து சாவியை உருவிக்கொண்டான்.

"ஹலோ ரசிகர்களேன்னு ஏதாவது சொல்லுங்க சார்," என்றான். "வெயிட் பண்றாங்க."

யசீகரன் கம்ப்யூட்டரை நோக்கி ஓர் அடி வைத்தான். வசந்தமலர் நகரவில்லை. அவர் அவனைத் தொடவும் இல்லை. இத்தனை பேர் பார்க்கும்போது ஐம்பது வயதுப் பெண்ணைத் தள்ளிவிட்டுப் போக அவனுக்கு வரவில்லை. கடைசியில் வாசற்படியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கிருசாந்தி ஒளிபரப்பை நிறுத்தவில்லை, போலீஸ் வரும் வரைக்கும்.

செய்திக்குப் பதில் வராததால் கவலைப்பட்டுக் கடையில் நேரலையைப் போட்டுக்கொண்டிருந்த கோதண்டராமன்தான் போலீஸை அழைத்து விலாசத்தைக் கொடுத்திருந்தார். அழைத்த பார்வையாளர்கள் வேறு பலர் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் விலாசம் தெரியாது.

ஒரு பெண் போலீஸ் கிருசாந்தியோடு சமையலறையில் உட்கார்ந்து நெடுநேரம் பேசினாள். வசந்தமலர் மொழிபெயர்த்தார். கைது செய்யப் போகிறீர்களா என்று கிருசாந்தி மூன்று தடவை வெவ்வேறு விதமாகக் கேட்டாள். இல்லை என்று அந்தப் பெண்ணும் மூன்று தடவை பொறுமையாகச் சொன்னாள். அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து கிருசாந்தியின் கையில் கொடுத்தபோது, அவள் விசா தாளைத் தேடிப் பிடித்துத் தேதியைப் படித்தாள். அது இன்னும் முடிந்திருக்கவில்லை. எழுத்துக்கூட்டுகிற மாதிரி மறுபடி படித்தாள். யசீகரனை அழைத்துப் போன கார் அப்போது தெரு முனையைத் தாண்டியிருந்தது.

கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்கிறாளா என்று மனோஜ் கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். இரண்டு உடுப்பும் பாஸ்போர்ட்டும் போட்ட ஒரு பையோடு வந்து காரின் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். பெண்கள் தங்கும் காப்பகத்தில் இடம் கிடைத்திருந்தது. வசந்தமலர் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். கார் புறப்பட்டது. வெளியே மழை தூறியது.

இரண்டு தெரு தாண்டியதும் பின்னாலிருந்து கிருசாந்தி கேட்டாள்.

"அண்ணா, இந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கலாமோ?"

மனோஜ் நான்கு கண்ணாடிகளையும் அடிவரை இறக்கினான். சாரல் உள்ளே அடித்து, அவன் சட்டையும் வசந்தமலரின் தோளும் நனைந்தன. யாரும் ஏற்றச் சொல்லவில்லை. கிருசாந்தி இடது கையை வெளியே நீட்டி, விரல்களை விரித்து, அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.